எலி என்று சொல்லிவைத்த இராட்சதக் கணவாய்

எங்கள் தெருவில் ஒவ்வொரு மொட்டை மாடியிலும் ஒரு கம்பியில் பழம்புடவைக் கிழிசல் ஒன்று கட்டப்பட்டிருக்கும். புதிதாகக் குடிவருபவர்கள் அதைக் காக்கை விரட்டுவதற்கு என்றோ கண்ணேறு கழிப்பதற்கு என்றோ எண்ணிக்கொள்வார்கள். அது காற்றுப் பார்ப்பதற்கு. ஓசூரிலிருந்து பாகலூர் செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தெருவின் பின்மதிலை ஒட்டி ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது. சுற்றுவட்டாரப் பசுமைக்குடில்களில் வெட்டிய ரோஜாக்கள் விமானம் ஏறும்வரை அங்கேதான் உறங்கும். அவற்றை உறங்கவைக்கும் குளிர் அம்மோனியாவால் வருவது. நாங்கள் குடிவருவதற்கு முன்பு ஒருமுறை அங்கே ஒரு வால்வு கசிந்து, தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியதாம். அதன்பின் கிடங்கு நிர்வாகம் தெருக்காரர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தியது. நெடி ஏறினால் ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள், மாடியைப் பாருங்கள், கிழிசல் எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நடந்து திடலுக்குப் போய்விடுங்கள்.

ஆகவே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் ஆணி, ஆணியில் ஒரு துண்டு. கோலம் போட்ட கையோடு அந்தத் துண்டை நனைத்துப் பிழிந்து மாட்டுவது எங்கள் தெருப் பெண்களின் அன்றாடம். அந்தக் கிடங்கின் கம்ப்ரசர் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் என் கணவர் என்பதால், எங்கள் வீட்டுத் துண்டு காய்ந்திருந்தால் மற்றவர்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

வீட்டுச் சொந்தக்காரர் முன்கட்டில் இருந்தார். தெலுங்கு பேசும் அம்மாள்; எங்களுக்கு ஓனரம்மா. பின்பக்கக் கொட்டகையில் கறவை மாடுகள் வைத்திருந்தார். வீடு பேசி முடித்த அன்று அவர் விதித்தது ஒரே நிபந்தனை.

"கறியோ கோழியோ வெளிய சாப்டுட்டு வந்துக்கோங்க, நான் கேக்க மாட்டேன். மீனு மட்டும் கேட்டுக்குள்ள வரக் கூடாது. அந்த வாசனை செவுத்துல ஏறிக்கும். அப்புறம் செவுத்தத்தான் இடிக்கணும்."

தூத்துக்குடிக் கரையில் பிறந்த என் கணவருக்கு அது கடுமையான நிபந்தனை. எனக்கு அது வரம். நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. கடலை நான் முதலில் அறிந்தது அலையாக அல்ல, வாசனையாகத்தான். திருமணமாகிப் போன புதிதில் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வட்டில் நிறையக் கணவாயைப் போட்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். எலும்பில்லாத ஒன்று விரல்களுக்கிடையே வழுக்கி, கறுப்பு மையைக் கக்கி, ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அன்று எழும்பிய குமட்டல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. படித்து விலக்கக்கூடிய அருவருப்புகள் சில உண்டு. பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்குப் படிக்கக் குறைவில்லை. இது அந்த வகையைச் சேர்ந்ததன்று.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் நாத்தனார், என் கணவரின் தங்கை, பழுப்பு நாடா சுற்றிய ஒரு தெர்மோகோல் பெட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். கடலுயிர் ஆராய்ச்சி செய்பவள். இரவெல்லாம் பேருந்தில் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அண்ணி என்று சொல்வதை அவள் மைனி என்பாள்.

"மைனி, ஃபிரிட்ஜுல மேல்தட்ட முழுசாக் காலி பண்ணித் தாருங்க. ஒண்ணும் கேக்காதிய."

"மீனா?"

"மீன் இல்ல மைனி. சத்தியமா மீன் இல்ல."

உயிரியல்படி அது உண்மைதான். கணவாய் மீன் அல்ல. நத்தைக்கும் சிப்பிக்கும்தான் உறவு. இந்த விளக்கத்தை அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். பெட்டிக்குள் இருந்தது, அவள் நம்பிக்கைப்படி, இராட்சதக் கணவாயின் ஒரு கை. ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கப் போன கன்னியாகுமரிப் படகுக்காரர்கள், ஏதோ தின்று பாதி மிச்சமாய் நீர்மேல் மிதந்த ஒரு பெரிய உடலைக் கண்டிருக்கிறார்கள். கொக்கியில் மாட்டி இழுத்தபோது மூத்திர நெடி தாங்காமல் தள்ளிவிடப் பார்த்தார்களாம். அவள் சொல்லிவைத்திருந்ததை நினைவில் வைத்திருந்த ஒருவர் மட்டும் ஒரு கையின் அடிப்பகுதியை அறுத்துப் பனிக்கட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.

பார்க்க வேண்டாம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டு பார்த்தேன். என் தொடையளவு பருமன். செங்கல் நிறத் தோல் உரிந்து, சீக்குப் பிடித்த சுவர்போலத் திட்டுத்திட்டாகத் தொங்கியது. உள்ளே இருந்தது சதை என்று சொல்லவும் முடியாது. ஆறிப்போன பிசின் கஞ்சியைத் தோலில் கட்டிவைத்ததுபோல் இருந்தது. ஒரு பக்கம் நெடுகக் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு காம்பின்மேல் நின்றது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரம்பப்பல் வைத்த ஒரு வளையம். அவள் ஒன்றை விரலால் அழுத்திக் காட்டினாள். அது விரலைப் பற்றியது. உயிர் போய் எத்தனையோ நாளான ஒன்று பற்றியது. நான் சமையலறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

அவள் பின்னாலேயே வந்தாள். "மைனி, ஒங்களுக்கு அருவருப்பா இருக்கும்னு தெரியும். எனக்கு வேற போக்கிடம் இல்ல. திங்கக்கிழமைதான் பெங்களூர் லேப்ல எனக்கு நேரம் தந்திருக்காவ. அதுவரைக்கும் இது முழுசா இருக்கணும். வெட்டக் கூடாது, ஒண்ணும் படக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ."

"இது கெட்டுப்போனால்?"

"எங்க சார் இப்பவே நம்பல. ஏதாவது சாதாரணக் கணவாய் தண்ணி குடிச்சு ஊதியிருக்கும்ங்காரு. இது போச்சுன்னா இன்னொண்ணு எனக்குக் கெடைக்காது. இத்தன வருசமும் வெறும் புத்தகத்துல படிச்சதத்தான் எழுதிக் குடுக்கணும்."

அவள் அழவில்லை. நாடாப் பசை ஒட்டிய விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நான் மேல்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். அங்கிருந்த இட்லி மாவையும் பட்டாணியையும் எதிர்வீட்டுக்கு அனுப்பினேன். அந்தத் தட்டில் இனி எதையும் வைத்து உண்ண என்னால் முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று மாலை சாப்பிடும்போது அவள் நிறுத்தாமல் பேசினாள். சூரிய ஒளி எட்டாத ஆழம், ஃபிரிட்ஜைப் போன்ற குளிர், அசைவற்ற கருமை. அதுதான் அதன் ஊர். சாப்பாட்டுத் தட்டளவு கண்கள் அதற்கு. அந்த இருட்டில் எதைப் பார்க்க? தன்னைத் தின்ன வரும் திமிங்கிலத்தைப் பார்க்கத்தானாம். திமிங்கிலம் நீந்தும்போது அதன் உடல் உரசி நுண்ணுயிர்கள் மினுங்கும். அந்த மங்கிய மினுங்கலைத் தொலைவிலேயே கண்டுகொள்ள அவ்வளவு பெரிய கண். எட்டுக் கைகள், அவற்றைவிட மிக நீண்ட இரண்டு பற்றுக்கொடிகள், மூன்று இதயங்கள், நீல இரத்தம்.

"மூளை வளையம் மாரி இருக்கும் மைனி. சாப்பாட்டுக் கொழா அந்த வளையத்துக்கு நடுவுலதான் போவுது. பெரிய துண்டா முழுங்கினா மூளையில இடிச்சிரும். அதான் கிளி மூக்கு மாரி அலகால பொடிப்பொடியா நறுக்கித் திங்கும்."

என் கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஏட்டி, ரசம் ஊத்துத நேரத்துல சொல்லுத பேச்சா இது?"

"அண்ணே, ஒங்க கெடங்குல ஒரு மூலையில..."

"வாயத் தொறக்காத. அங்க ரோசாப்பூ இருக்கு. வெளிநாட்டுக்குப் போற பூ. அது பக்கத்துல இத வச்சு ஒரு பெட்டி திரும்பி வந்தா மறுநாள் என் சீட்டு கிழிஞ்சிரும்."

"சீட்டுத்தானே, ஒட்டிக்கிடலாம்."

"ஒன் வாய ஒட்டுதேன், இரு."

அவளிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, செத்த பிறகு ஏன் மிதந்தது என்பது. கணவாய்கள் பொதுவாக மூழ்கிவிடும் என்று அவளே சொல்லியிருந்தாள். அதற்காகவே காத்திருந்தவள்போல முகம் மலர்ந்தது. மீன்களுக்குக் காற்றுப்பை உண்டு, இதற்கு இல்லை. ஆகவே உடலில் உண்டாகும் அம்மோனியாக் கழிவை வெளியேற்றாமல் சதைக்குள்ளேயே உப்பாகச் சேமித்துக்கொள்கிறது. அந்த உப்புநீர் கடல்நீரைவிட எடை குறைவு. அதனால் துடுப்பு அசைக்காமலேயே நடு ஆழத்தில் தொங்கிக்கொண்டிருக்க முடிகிறது. கரையோரத்தில் பிடித்துத் தின்னும் சாதாரணக் கணவாய்களுக்கு இந்த ஏற்பாடு கிடையாது.

தன் மூத்திரத்தைத் தானே சுமந்து, அதன் தயவால் மிதக்கிற ஒன்று. அதைத் தலையருகே ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு அன்று நான் உறங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் முன்பே அறிவித்திருந்ததை நாங்கள் மூவருமே மறந்திருந்தோம். காலையில் போன மின்சாரம் சாயங்காலம்தான் வரும். முற்பகலுக்குள் ஃபிரிட்ஜின் அடியிலிருந்து இளஞ்சிவப்பு நீர் கசிந்து தரையில் ஊர்ந்தது. அதை நான் துடைக்கவில்லை; அவள்தான் துடைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்து, பின்பக்கத் துவைகல்லின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கிடத்தி, கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, ஈரச்சாக்கால் மூடினாள். எங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போய்ப் பனிக்கட்டி வாங்கி வருவது அவள் திட்டம். கேட்டைத் திறக்கும்போது மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த ஓனரம்மா மூக்கைச் சுளித்தார்.

"ஏமா, அது என்னா வாசனை? பின்னாடிருந்து வருது."

"எலிம்மா," என்றாள் என் நாத்தனார். "எலி செத்துக் கெடக்கு. சாக்கப் போட்டு மூடியிருக்கேன். வந்து எடுத்துப் போட்டிருதேன்."

"அய்யோ பாவமு. போயிட்டு வா."

சன்னல் வழியே எனக்கு எல்லாம் கேட்டது. அந்தப் பொய்யில் எனக்கு மறுப்பு எதுவும் தோன்றவில்லை. ஒருவேளை மீனைவிட எலி மேலானது என்று அந்த வீட்டின் சட்டமே சொல்லிக்கொண்டிருந்ததால் இருக்கலாம்.

ஓனரம்மா உதவும் குணமுள்ளவர். செத்த எலிக்கு என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்: சுண்ணாம்புத் தூளைக் கொட்டி மூடிவிட்டால் நாற்றம் அடங்கும். மாட்டுக்கொட்டகைத் தரைக்காக அவரிடம் ஒரு மூட்டை எப்போதும் இருக்கும். விருந்தாளிப் பெண் வந்து எலியை அள்ளும்படி விட்டுவிடக் கூடாது என்று எண்ணி, ஒரு முறம் நிறையச் சுண்ணாம்பை எடுத்துவந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கின் ஓரத்தைத் தூக்கி அப்படியே கவிழ்த்துவிட்டார். உள்ளே இருந்தது எலியா வேறா என்று அவர் பார்க்கவில்லை. அருவருப்பு அவரையும் அவ்வளவு தூரம்தான் பார்க்கவிட்டது.

நான் கூடத்தில் இருந்தேன். முதலில் கண் எரிந்தது. அடுத்த மூச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது. தெருவில் யாரோ சத்தமில்லாமல் வேகமாக நடந்தார்கள். பிறகு எல்லோரும் நடந்தார்கள். கற்ற பாடம் எங்கள் கால்களில் இருந்தது. நான் ஆணியிலிருந்து துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்து மாடியைப் பார்த்தேன். என் பழைய சுங்குடிப் புடவையின் கிழிசல் கிடங்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. ஈரத்துண்டுகளோடு தெரு முழுவதும் எதிர்ப்பக்கம் நடந்து திடலில் போய் நின்றது. யாரோ அதற்குள் கிடங்குக்குப் போன் செய்துவிட்டார்கள்.

திடலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: காற்று எங்களிடமிருந்து கிடங்கை நோக்கி வீசுகிறது. கிடங்கில் கசிந்தால் நெடி எங்கள் வீட்டுக்கு எப்படி வரும்? என்னருகே ஓனரம்மா கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் அவர் புருவத்தில்கூட இருந்தது.

"பாரும்மா," என்றார். "இப்பதான் உங்க எலிக்கு சுண்ணாம்பு போட்டுட்டுக் கைகூடக் கழுவல. அதுக்குள்ள கம்பெனிக்காரன் கேஸ விட்டுட்டான்."

பள்ளியில் நவச்சாரம் என்ற அம்மோனியா உப்பையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி அம்மோனியா தயாரித்துக் காட்டுவார்கள். வேதியியல் ஆய்வகத்தில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்வோம். அந்தக் கையின் சதைக்குள் உப்பாகச் சேமித்து வைத்திருந்தது ஏறத்தாழ அந்த நவச்சாரம்தான். ஆழ்கடலில் அதை மிதக்கவைத்த உப்பின்மேல் எங்கள் ஓனரம்மா முறம் நிறையச் சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறார். தொட்டியில் கிடந்தது அவளுடைய ஒரே ஒரு சான்று.

அப்போது கிடங்கின் கேட்டைத் திறந்துகொண்டு என் கணவர் வெளியே வந்தார். முகத்தில் முகமூடி, கையில் எரியும் கந்தகத் திரி. கசிவைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருக்கும் பழைய வழி அது: கந்தகப் புகை அம்மோனியாவைத் தொட்டதும் வெண்புகையாகத் திரளும். குழாய்கள் நெடுக, வால்வுகள் நெடுக அதைக் காட்டிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் திரளவில்லை. பின்மதிலோரம் வந்ததும் மெல்லிய வெண்மை கிளம்பியது. அதைத் தொடர்ந்து தெருவுக்குள் நுழைந்தார். திடலில் நின்ற நாங்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வாசலிலும் திரியை நீட்டி நீட்டி நடந்தார். புகை தடித்துக்கொண்டே வந்தது. எங்கள் வீட்டு வாசலில் அவர் முகமே தெரியாத அளவுக்குத் திரண்டது. அவர் நின்றார். திரியைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார்.

லேத் பட்டறையில் வேலை செய்யும் எதிர்வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏங்க்கா, அண்ணன் கம்பெனி லீக்க வூட்டுக்கு எடுத்தாந்துட்டாருங்களா?"

பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டர் வந்து நின்றது. காலடியில் சாக்கில் சுற்றிய பனிக்கட்டி. என் நாத்தனார் திடலையும், துண்டுகளையும், வெண்புகையையும் பார்த்தாள். நான் போய் அவள் தோளைப் பிடித்து, நடந்ததைச் சொன்னேன். எலிக்குச் சுண்ணாம்பு போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினாள். நானும் துண்டைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். கிழிசலைப் பார்க்கவில்லை.

பின்பக்கத்தில் என் கணவர் ஏற்கெனவே குழாயைத் திறந்து சாக்கடைப் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். தொட்டியில் நீர் கலங்கி நுரைத்தது. கையின் மேற்பகுதி முழுதும் வெள்ளைக் களிம்பு. அதன் அடியில் தோல் வெந்ததுபோல் சுருண்டிருந்தது.

"புளி," என்றேன். "காரத்துக்கு அமிலம் ஊற்றினால் நெடி நிற்கும்."

ஒரு பருப்புச் சட்டி நிறையப் புளியைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டினேன். அந்த வளாகத்தில் அதுவரை எழுந்திராத ஒரு வாசனை எழுந்தது. உப்பு, புளி, கணவாய். முகமூடிக்குள்ளிருந்து என் கணவர் சொன்னார்: "இனி மொளகாப்பொடி ஒண்ணுதான் கொறச்சல்." அவர் சிரிக்கவில்லை.

நெடி தணிந்தது. நாத்தனார் அந்தக் கணவாய்க் கையைத் தொட்டியிலிருந்து தூக்க முயன்றாள். அது வழுக்கி விழுந்தது. தனியாளாக அதைப் பிடித்துக்கொண்டே கழுவ முடியாது. அவள் அண்ணனாலும் குழாயை விட முடியாது. அவள் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். புடவையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டேன்.

அந்தத் தொடுதலை எழுத நான் நெடுநாள் தயங்கியிருக்கிறேன். குளிர், ஆனால் செத்த உடலின் குளிர் அல்ல, ஊறிய குளிர். விரல் எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒரு மென்மை. சுண்ணாம்பு கரைந்த நீர் நக இடுக்குகளில் எரிந்தது. கிண்ணங்கள் ஒவ்வொன்றாக என் மணிக்கட்டைப் பற்றி விட்டன. வாயைத் திறந்தால் வாந்தி வரும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு, குழந்தையின் தலையைக் குளிப்பாட்டுவதுபோல அடிமுதல் நுனிவரை தடவித் தடவிக் களிம்பை வழித்தேன். அவள் உப்புநீர் ஊற்றினாள்.

கையின் அடிப்பகுதியில், சாக்கு மடிந்து சுண்ணாம்பு படாத ஓரிடத்தில், தோலுக்கடியில் வெள்ளை நூல்கள் தட்டுப்பட்டன. ஒன்றல்ல, கொத்தாக. ஒன்றின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

புழு. அருவருப்பின் கடைசிப் படி அது. நான் நகத்தால் அதைக் கிள்ளியெடுக்கப் போனேன்.

"மைனி, பிச்சிராதிய." அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். குனிந்து, மூக்கு தொடும் தூரத்தில் பார்த்தாள்.

"புழுதானே?"

"இல்ல மைனி. ஆண் வச்சது. இருட்டுல எப்பவோ ஒரு தடவதான் ரெண்டும் சந்திக்கும். வெதைய நூலு மாரி அவ கைத்தோலுக்குள்ள ஊசி போட்டுட்டுப் போயிரும். முட்ட போடுத காலம் வர வரைக்கும் அவ அதத் தோலுக்குள்ளயே வச்சிருப்பா. புத்தகத்துல படமாத்தான் பாத்திருக்கேன்."

அந்த நொடியில் எனக்கு எந்த மேலான உணர்ச்சியும் வரவில்லை. கேட்ட பின்பு முன்னைவிட அதிகமாகவே குமட்டியது. எவனோ ஒருவன் கடிதத்தைச் சட்டைப்பையில் அல்ல, தோலுக்கடியில் செருகிவிட்டுப் போவதைப்போல. ஆனால் நகத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தை மட்டும் இன்னும் மெதுவாகக் கழுவினேன்.

"மைனி," என்றாள் அவள், கண்ணெல்லாம் நீர் வழிய. அது நெடியாலா என்று நான் கேட்கவில்லை. "சாதாரணக் கணவாய்ன்னா தெருவே எந்திரிச்சு ஓடியிருக்காது. சாருட்ட இதத்தான் சொல்லப்போறேன்."

மேல்தோல் போய்விட்டது. ஆனால் சதை தடிமனானது. உள்ளே சுண்ணாம்பு இறங்கியிருக்காது என்றாள். இறங்கியிருக்கக் கூடாது என்றுதான் அவள் சொன்னதாக எனக்குக் கேட்டது.

தெருவினர் திரும்பி வந்துவிட்டனர். ஓனரம்மா பின்கட்டு வாசலில் நின்று தொட்டியைப் பார்த்தார். முந்தானை மூக்கில் இருந்தது. வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று எண்ணி நான் ஈரக்கையோடு எழுந்து நின்றேன்.

"எலின்னு சொன்னியேம்மா," என்றார், என் நாத்தனாரிடம்.

"மன்னிச்சிருங்கம்மா. மீன்னு சொன்னா வெளிய போகச் சொல்லிருவியளோன்னு..."

"சொல்லியிருப்பேன். எடுத்துட்டுப் போன்னு சொல்லியிருப்பேன். சுண்ணாம்பு போட்டிருக்க மாட்டேன்." புருவத்துத் தூளைத் துடைத்துக்கொண்டார். "எலிக்குத்தானேன்னு இரக்கப்பட்டுப் போட்டேன்."

நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "பொம்பளையா அது?"

"ஆமாம்மா."

"ராம ராமா." அவர் கொட்டகைக்குப் போய்விட்டார். மாலையில் துவைகல்மீது சாணத்தைக் கரைத்து ஊற்றி, அவரே தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை.

என் கணவர் கிடங்கு மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னார். மேலாளர் கோபப்படுவார் என்று நினைத்தோம். கசிவு தன் வால்வில் இல்லை, இவர் தங்கை கொண்டுவந்த தொட்டியில் என்று தெரிந்ததும் அவருக்கு வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியில் காலியாகக் கிடந்த ஒரு சிறு அறையைத் திங்கட்கிழமை வரை தந்துவிட்டார். ரோஜாக்களுக்கும் அதற்கும் இடையே இரண்டு கதவுகள் சாத்தியிருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டளை. திங்களன்று பெங்களூர் போன ரோஜா வண்டியில், ஓட்டுநரின் காலடியில் வைத்து அந்தப் பெட்டியை அனுப்பினோம். ஓட்டுநர் சன்னலை இறக்கிவிட்டே போனார்.

அதன்பின் சில வாரங்கள் நான் கையால் சாப்பிடவில்லை. கரண்டியால் சாப்பிட்டேன். சுண்ணாம்பு பட்ட இடங்களில் தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. எலுமிச்சை, சீயக்காய், மஞ்சள் எதனாலும் போகாத அந்த வாசனை நினைவில்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

மழைக்காலத்தில் ஒருநாள் நூலகத்தில் இருக்கும்போது அவள் போன் செய்தாள்.

"மைனி, அதேதான்."

"எது?"

"அதேதான். நடுச்சதையில எடுத்துப் பாத்திருக்காவ. சாதாரணக் கணவாய் இல்ல. இராட்சதக் கணவாய்தான்னு எழுதிக் குடுத்துட்டாவ. சாரும் ஒத்துக்கிட்டாரு."

"அந்த வெள்ளை நூல்?"

"அத தனியா ஒரு புட்டியில வச்சிருக்காவ மைனி. நீங்க கழுவினது."

நான் போனை வைத்துவிட்டு, வேண்டாமென்றாலும், வலது கையின் விரல்களை ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். பழைய புத்தகத் தூசி.

அடுத்த விடுமுறைக்கு அவள் வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. கேட்டருகே ஓனரம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பையையே பார்த்தார்.

"என்னாம்மா அது பையில?"

"துணிதாம்மா."

ஓனரம்மா அருகில் வந்து, முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து, நன்றாக மோந்து பார்த்தார்.

"எலி இல்லையே?" என்றார்.